தொழில் வாழ்வில் தன்விசாரணை: ஓர் அறவியல் நோக்கு

அனுபவமே சிறந்த ஆசான் என்பது யாவரும் ஒப்புக்கொள்ளும் கூற்று. ஆயினும் முப்பது ஆண்டுகள் ஒரே பிழையைச் செய்து, அம்முப்பது ஆண்டுச் சேவைக்கெனப் பாராட்டும் பெற்று ஓய்வுபெறுவோர் எல்லாத் தொழில்களிலும் உளர். அனுபவம் அவர்களுக்கும் குறைவின்றிக் கிடைத்திருந்தது. எனவே, நிகழ்ச்சி தானாக எதனையும் கற்பிப்பதில்லை என்பதும், நிகழ்ச்சிக்கும் அதிலிருந்து பெறும் அறிவுக்கும் இடையில் மனிதன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு என்பதும் பெறப்படும். அவ்வேலை யாது, அதனைச் செய்யும் கடப்பாடு எங்கிருந்து எழுகின்றது, அது பெரும்பாலும் நிறைவுறாமைக்குக் காரணங்கள் எவை என்பனவே இங்கு ஆராயப்படும் வினாக்கள்.

வைத்தியம், ஆசிரியம், நீதி, பொறியியல், நிருவாகம் ஆகிய தொழில்கள் பொதுப் பண்பொன்றினைக் கொண்டுள்ளன. அவற்றை மேற்கொள்பவர் தம் அறிவைப் பிறருடைய உடலின்மீதோ உரிமையின்மீதோ எதிர்காலத்தின்மீதோ பிரயோகிக்கின்றார். அப்பிறர் அவ்வறிவைச் சோதித்துப் பார்க்கும் நிலையில் இல்லை, நம்பியே வருகின்றனர். இத்தகைய தொழில் வாழ்வில் பெரும்பாலான நாட்கள் வழக்கத்தின் வழியே கழிகின்றன. ஒரு நாள் வழக்கம் பொய்த்துவிடுகின்றது. குணமடைவார் எனக் கருதப்பட்ட நோயாளி இறக்கின்றார்; திறமை மிக்கவன் எனக் கருதப்பட்ட மாணவன் விரிவுரைக்கு வராது நின்றுவிடுகின்றான்; தீர்ப்பளிக்கப்பட்டபின் உண்மை வேறெனத் தெரியவருகின்றது. இத்தகையவற்றை நெருக்கடி நிகழ்வுகள் எனலாம். ஆசிரியத் தொழிலில் நேரும் நெருக்கடி நிகழ்வுகள் பற்றி 1993 இல் நூலொன்று வெளியிட்ட டேவிட் ரிப், எந்த நிகழ்வும் இயல்பாகவே அத்தன்மை கொண்டதன்று என்றும், அதனைக் குறித்து ஒருவர் செய்யும் விளக்கமே அதற்கு அத்தன்மையை அளிக்கின்றது என்றும் கூறினார். இக்கருத்து ஏற்கத்தக்கதே. ஆயின் அதனோடு ஓர் அறவியல் வினாவும் சேர்ந்தே எழுகின்றது. நிகழ்வைக் குறித்து வினவுவதும் வினவாது விடுவதும் ஒருவருடைய விருப்பத்தைப் பொறுத்தனவா, அன்றி வினவுதல் அவர் செலுத்தியே தீரவேண்டிய கடனா?

பாண்டியனும் பொற்கொல்லரும்

தொழிற்பிழை ஒன்றின் தோற்றத்தையும் அதன்பின் நிகழ்ந்தவற்றையும் தமிழிலக்கியத்தில் முழுமையாகக் காட்டும் நூல் சிலப்பதிகாரம். பாண்டியன் நெடுஞ்செழியனின் தொழில் முறைசெய்தல். ஊடிய தேவியை நாடி அவன் சென்றுகொண்டிருந்த வேளையிற் களவு பற்றிய முறைப்பாடு வருகின்றது. முறையிட்டவன் பொற்கொல்லன், உண்மையிற் களவு செய்தவனும் அவனே. மன்னன் குற்றஞ்சாட்டப்பட்டவனை அழைத்து வினவவில்லை. அவனிடமிருந்த சிலம்பைத் தேவியின் மற்றைச் சிலம்போடு ஒப்பிட்டுப் பார்க்கவுமில்லை. காவலருக்குக் கட்டளை மாத்திரம் பிறந்தது. பின்னர் கண்ணகி அரசவையிற் சிலம்பை உடைக்க, முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்தபோது, மன்னன் தன் பிழையை உடனே உணர்ந்தான். உணர்ந்த அவ்விடத்திலேயே உயிரும் நீத்தான்.

இளங்கோவடிகள் இம்மரணத்தை இழிவாகக் காட்டவில்லை. வளைந்த கோலை மன்னன் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்தினான் என்னும் கருத்தைச் சேரன் செங்குட்டுவன் வாயிலாக அவர் வெளிப்படுத்துகின்றார். பிழையை மறுக்காது, பிறர்மேற் சுமத்தாது, முழுவதையும் தன்மேல் ஏற்றுக்கொண்ட அம்மன்னனின் நேர்மை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆயினும் அக்காப்பியத்தின் உரைபெறு கட்டுரை தரும் மற்றொரு செய்தியும் உடன் நோக்கத்தக்கது. நெடுஞ்செழியனுக்குப்பின் பாண்டிநாடு மழையின்றி வறுமையும் நோயும் உற்றது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று கண்ணகிக்குச் சாந்தி செய்தான். மழை பெய்தது, நாடு நலம் பெற்றது என்கின்றது அக்கட்டுரை.

ஒருவன் சொல்லைக் கேட்டு மற்றொருவனை விசாரணையின்றிக் கொன்றமையே நிகழ்ந்த பிழை. அப்பிழைக்கு முதல் மறுமொழி மன்னனின் மரணம். இரண்டாம் மறுமொழி, விசாரணையின்றி ஆயிரவரைக் கொன்றமை. ஒன்று தன்னைத் தண்டிப்பது, மற்றது பிறரைத் தண்டிப்பது என்ற வகையில் இவை ஒன்றற்கொன்று எதிரானவைபோலத் தோன்றும். எனினும் இரண்டும் குற்றவாளி யார் என்ற ஒரே வினாவுக்கே விடை கூறுகின்றன. வேறொன்றில் மனம் ஈடுபட்டிருந்த வேளையில் உயிர்த்தண்டம் விதிக்க மன்னனுக்கு எவ்வாறு இயன்றது, சிலம்பை ஒப்பிட்டுப் பார்க்கும் கடமை எவருக்கும் உரியதாக இல்லாமற்போனது ஏன், முறையிட்டவனையும் விசாரித்தல் வேண்டும் என்ற விதி ஏன் பேணப்படவில்லை ஆகிய வினாக்கள் அங்கே எழவில்லை. மன்னனின் நேர்மையும் அவன் வழிவந்தவனின் சினமும் முறைசெய்யும் வழக்கத்தைத் தொடாமலே விட்டுவிட்டன.

வியன்னாவில் நிகழ்ந்தது

காப்பியத்திற் காணப்படும் இவ்விரு மறுமொழிகளையும் வைத்திய வரலாற்றிலும் காணலாம். வியன்னாப் பொது வைத்தியசாலையில் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதலாவதில் வைத்திய மாணவரும், இரண்டாவதில் மருத்துவிச்சித் தொழில் பயில்வோரும் பயிற்சி பெற்றனர். 1846 ஆம் ஆண்டில் முதலாம் பிரிவில் நூற்றுக்கு 11.4 வீதமான தாய்மாரும், இரண்டாம் பிரிவில் 2.8 வீதமானோரும் இறந்தனர். மரணங்களுக்குப் பெருங்காரணம் பிரசவக் காய்ச்சல். வளிமண்டல நச்சு, இட நெருக்கடி, உணவு எனக் கூறப்பட்ட காரணங்கள் யாவும் இரு பிரிவுகளுக்கும் பொதுவானவை. ஆதலால் அவை வேறுபாட்டை விளக்கவில்லை.

முதலாம் பிரிவில் உதவி வைத்தியராக இருந்த இக்னாஸ் செமல்வைசுக்கு இவ்வேறுபாடு பெரும் மனவுளைச்சலைத் தந்தது. 1847 மார்ச் மாதத்தில் அவர் நண்பரும் சட்டவைத்தியப் பேராசிரியருமான கொலெச்கா, பிரேத பரிசோதனையின்போது மாணவரொருவரின் கத்தி விரலிற் பட்டதனால் நோயுற்று இறந்தார். அவர் உடலிற் காணப்பட்ட மாற்றங்கள் இறந்த தாய்மாரின் உடல்களிற் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. பிரேத அறையிலிருந்து நேரே பிரசவப் பிரிவுக்கு வரும் வைத்தியரின் கைகளே நோயைக் கொண்டுவருகின்றன என்ற முடிவுக்குச் செமல்வைஸ் வந்தார். அவ்வாண்டு மே மாதத்தில் குளோரீன் கலந்த சுண்ணாம்புக் கரைசலிற் கைகழுவுதல் கட்டாயமாக்கப்பட்டது. 1848 இல் முதலாம் பிரிவின் இறப்பு வீதம் 1.3 இற்கும் கீழே வந்தது.

இக்கண்டுபிடிப்பின் அறவியற் பக்கம் அதன் விஞ்ஞானப் பக்கத்தைப் போன்றே முக்கியமானது. செமல்வைஸ் ஊக்கம் மிக்க ஆராய்ச்சியாளர். நோயின் காரணத்தை அறியும் பொருட்டு நாள்தோறும் பிரேத பரிசோதனை செய்தவர். தாய்மாரைக் காப்பதற்காக அவர் எடுத்த முயற்சியே பலருடைய மரணத்திற்கு வழியாயிற்று. தம் கைகளால் எத்தனை பேர் இறந்தனர் என்பதைக் கடவுள் ஒருவரே அறிவார் என்ற பொருளில், 1861 இல் வெளியிட்ட நூலில் அவர் எழுதினார். கவனக்குறைவால் நேர்ந்த பிழையன்று இது. கடமையுணர்வோடு செய்த காரியத்தினுள்ளேயே பிழை மறைந்திருந்தது. தம்மை நல்லவரெனவும் உழைப்பாளியெனவும் அறிந்திருக்கும் ஒருவருக்கு இத்தகைய பிழையைக் கண்டுகொள்ளுதலே மிகக் கடினமானது.

அக்கண்டுபிடிப்பைக் கேள்வியுற்று ஏற்றுக்கொண்டவர்களுள் ஒருவர் ஜேர்மனியின் கீல் நகரப் பிரசவவியற் பேராசிரியரான குஸ்ராவ் மிக்கேலிஸ். அவர் தம் விடுதியிலும் கைகழுவும் முறையைப் புகுத்தினார். ஆனால் தாம் பரிசோதித்த நெருங்கிய உறவினரான ஒரு பெண் பிரசவக் காய்ச்சலால் இறந்தமைக்குத் தம் கைகளே காரணம் என்ற எண்ணத்திலிருந்து அவரால் மீள முடியவில்லை. 1848 ஆகஸ்ட் மாதத்தில் அவர் தற்கொலை செய்துகொண்டார். புதிய முறையின் உண்மையை அறிந்து, அதனைப் பிறருக்கு எடுத்துரைக்கும் தகுதியும் பதவியும் பெற்றிருந்த ஒருவர் அதனைச் செய்யாமலே மறைந்தார்.

செமல்வைசோ வேறு வழியிற் சென்றார். தம் கருத்தை ஏற்காத பேராசிரியர்களை 1861, 1862 ஆம் ஆண்டுகளிற் பகிரங்கக் கடிதங்கள் வாயிலாகக் கொலைகாரர் எனக் கடிந்தார். அவர் சினத்திற்கு நியாயம் இருந்தது, தாய்மார் இறந்துகொண்டிருந்தனர். ஆயினும் கொலைகாரன் எனப் பெயர் சூட்டப்பட்டவன் தன் கைகளைப் பரிசோதிப்பதில்லை. தன் பெயரையே காத்துக்கொள்வான். அக்கடிதங்கள் எதிர்ப்பை வலுப்படுத்தின. 1865 இல் செமல்வைஸ் வியன்னாவில் மனநோயாளர் விடுதியொன்றில் இறந்தார். மிக்கேலிசின் முடிவிற் பாண்டியனையும், செமல்வைசின் கடிதங்களில் வெற்றிவேற் செழியனின் சினத்தையும் ஓரளவு காணலாம். மனிதர் என்ற வகையில் இவ்விருவரும் போற்றுதற்குரியர். எனினும் தொழிலைத் திருத்தும் வழி இவ்விரண்டிலும் அடங்கவில்லை.

குறளுக்கு இரண்டு உரை

தவறுக்குப்பின் செய்யவேண்டியது யாது என்ற வினாவுக்குத் திருக்குறளின் வினைத்தூய்மை அதிகாரத்திலுள்ள குறளொன்று விடை கூறுகின்றது. பின்னர் இரங்கும்படியான செயலைச் செய்தல் ஆகாது என்பது அதன் முற்பகுதி. ஒருகால் செய்துவிட்டாற் செய்யவேண்டியதைப் பிற்பகுதி கூறுகின்றது. அப்பகுதிக்கு இருவகைப் பொருள் கொள்ளப்பட்டுள்ளது. அத்தகைய செயலை மீண்டும் செய்யாதிருத்தல் நன்று என்பது ஒன்று. பின்னிருந்து அவ்விரங்கலைச் செய்யாதிருத்தல் நன்று என்பது மற்றொன்று. பரிமேலழகர் கொண்ட பொருள் இதுவே.

எவ்வுரை சிறந்தது என்பது இலக்கண வாதமாகவே பெரும்பாலும் கருதப்படும். அறவியல் நோக்கில் அவை ஒன்றையொன்று வேண்டி நிற்பவை. மீண்டும் செய்யாமை நோக்கம். இரங்கலில் மூழ்காமை அந்நோக்கத்தை அடைவதற்கான நிபந்தனை. இரங்குபவன் தன்னையே நோக்கிக்கொண்டிருக்கின்றான்: தான் எத்தகையவன், தன்னைக் குறித்துப் பிறர் யாது நினைப்பர், தன்னை மன்னிக்க இயலுமா என்பனவே அவன் சிந்தனை. செயல் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நோக்க அவனுக்கு இடமில்லை. துன்பமுற்றவர் மற்றொருவராக இருக்க, இரங்குபவன் தன்னையே நிகழ்வின் நடுவே நிறுத்திவிடுகின்றான். இரங்கலுக்கும் அறத்தில் இடமுண்டு. இரங்காதவனிடம் விசாரணை தொடங்குவதே இல்லை. ஆனால் விசாரணைக்குத் தூண்டியபின் அது விலகி நிற்றல் வேண்டும். பரிமேலழகர் உரையை இரக்கமின்மைக்கு அனுமதி எனக் கொள்ளாது, இப்பொருளிற் கொள்வதே பொருந்தும்.

தீர்ப்புக்கு முன் விவரணம்

அவ்விசாரணை எவ்வாறு அமைதல் வேண்டும்? அமெரிக்க உளவியலாளர் ஜோன் பிளனகன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்நாட்டு இராணுவ விமானப்படையின் உளவியல் திட்டத்திற் பணியாற்றினார். விமானமோட்டும் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்ட 1,000 பயிலுனர் தொடர்பாகப் பயிற்றுநர்கள் எழுதிய காரணங்கள் அத்திட்டத்தின் தொடக்கத்தில் ஆராயப்பட்டன. இயல்பான திறமை இல்லை, மனோபாவம் பொருந்தவில்லை, நிதானம் போதாது என்ற வகையிலேயே பல காரணங்கள் அமைந்திருந்தன. அவற்றைக் கொண்டு பயிலுனரைத் தெரிவுசெய்யும் முறையையோ பயிற்சியையோ திருத்த இயலவில்லை. ஏனெனில் அவை நிகழ்ந்ததைக் கூறவில்லை, நிகழ்ந்ததன்மேல் வழங்கப்பட்ட தீர்ப்பையே கூறின. இவ்வனுபவத்திலிருந்து வளர்ந்து, 1954 இல் பிளனகன் கட்டுரையாக வெளியிட்ட முறையின் சாரம் எளிது. ஒருவருடைய குணத்தைப் பற்றிய அபிப்பிராயத்தை விடுத்து, குறித்த சூழ்நிலையில் அவர் செய்தது யாது, அதன் விளைவு யாது என்பதைக் கண்டவாறு பதிவுசெய்தல் வேண்டும் என்பதே அது.

இம்முறையில் நிகழ்வுகளைத் திரட்டுவதனால் விளையும் பயனை 1947 இல் போல் பிற்ஸ், றிச்சட் ஜோன்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. விமானியின் பிழை எனப் பெயரிடப்பட்டுவந்த 460 நிகழ்வுகளின் விவரங்களை அவர்கள் திரட்டினர். அவற்றுள் ஏறத்தாழ அரைவாசி, ஒரு கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பதிலாக மற்றொன்றை இயக்கியமையால் நேர்ந்தவை. இறக்கைமடலை இயக்கும் பிடியும் சில்லுகளை இயக்கும் பிடியும் ஒரே வடிவில், அருகருகே அமைந்திருந்தன; விமானத்திற்கு விமானம் கருவிகளின் ஒழுங்கும் வேறுபட்டது. கவனமாக இரு என்று விமானிக்கு ஆயிரம் முறை கூறினும் இப்பிழை மறையாது. பிற்காலத்தில் சில்லுப் பிடி சில்லின் வடிவிலும், இறக்கைமடற் பிடி இறக்கையின் வடிவிலும் அமைக்கப்பட்டன. கையே வேறுபாட்டை உணர்ந்துகொண்டது.

பல்கலைக்கழகத்திற்கு இவ்வுதாரணம் தொலைவானதன்று. ஒரு பாடத்தின் இறுதிப் பரீட்சையில் குறித்த வினாவொன்றுக்கு மாணவருட் பெரும்பாலோர் பிழையாக விடையளித்தனர் எனக் கொள்வோம். மாணவரின் ஆயத்தம் போதாது, தரம் வீழ்ந்துவிட்டது என்று பரீட்சகர் அறிக்கையில் எழுதுதல் எளிது. பயிற்றுநர்கள் பயிலுனரைக் குறித்து எழுதியவற்றுக்கும் இதற்கும் வேறுபாடில்லை. மாணவர் எழுதிய பிழையான விடைகளை அடுக்கிவைத்து, அவை எவ்விடத்திற் பிரிந்து செல்கின்றன என நோக்கினால், பிழைகள் பலவும் ஒரே வகையின என்பது தெரியவரலாம். வினாவின் சொல்லமைப்பு இருபொருள் தந்திருக்கலாம். விரிவுரையில் எடுத்துக்காட்டப்பட்ட உதாரணமே தவறான வழியைக் காட்டியிருக்கலாம். மாணவர் படிக்காமல் இருந்தனர் என்பதே முடிவாகவும் அமையலாம். ஆனால் அது விசாரணையின் முடிவாக வருதல் வேண்டும். விசாரணையைத் தவிர்க்கும் வழியாக வருதல் ஆகாது.

கேட்கும் செவி

தன்விசாரணையில் மற்றொரு குறையும் உண்டு. நிகழ்வைப் பற்றித் தன் மனத்திற்குத் தான் கூறும் முதற் கதை ஏறக்குறைய எப்பொழுதும் தற்காப்புரையாகவே அமைகின்றது. அதற்கு மாற்றுக் கதையை அறிந்தவர் நிகழ்வினாற் பாதிக்கப்பட்டவர். வியன்னாவின் அப்பிரிவுகளில் இலவசமாகப் பிரசவம் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் வறிய பெண்கள். சிகிச்சைக்கு ஈடாக அவர்கள் மாணவரின் பயிற்சிக்கு உட்பட்டனர். எப்பிரிவில் மரணம் மிகுதி என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முதலாம் பிரிவிற் சேர்க்க வேண்டாம் என அவர்கள் மன்றாடினர். காரணத்தை அறியாவிடினும் உண்மையை அவர்கள் அறிந்திருந்தனர். அம்மன்றாட்டம் அறியாமையின் அச்சம் எனக் கொள்ளப்பட்டது. ஆகவே, தன்விசாரணை என்பது தனித்திருந்து செய்யும் தியானமாக மாத்திரம் அமையின் போதாது. நோயாளியின், மாணவனின், வழக்காளியின் கூற்றும் அதிற் சான்றாகக் கொள்ளப்படல் வேண்டும்.

தொழிலைச் சேர்ந்தோரிடமும் கேட்கும் செவி வேண்டும். பொஸ்ரன் நகரச் சத்திரசிகிச்சையாளர் ஏர்னஸ்ட் கொட்மன், ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சையின்பின் தொடர்ந்து கவனித்து, சிகிச்சை பயனளித்ததா, இல்லையெனின் ஏன் என்பதைப் பதிவுசெய்து வெளியிடல் வைத்தியசாலைகளின் கடமை என வற்புறுத்தினார். அவர் நடத்திய சிறிய வைத்தியசாலையிலிருந்து 1911 இற்கும் 1916 இற்கும் இடையில் வெளியேறிய 337 நோயாளர் தொடர்பில் 123 பிழைகளைப் பதிவுசெய்து, அறிவுக் குறைவு, தீர்மானக் குறைவு, நோயறியும் திறனின் குறைவு, சாதனக் குறைவு என வகைப்படுத்தி அச்சில் வெளியிட்டார். பிழைகளைக் கூட்டியோ குறைத்தோ கூறாது, கணக்கெழுதுவதுபோல் எழுதிய அச்செயல் மிக்கேலிசின் முடிவினின்றும் செமல்வைசின் கடிதங்களினின்றும் வேறுபட்ட மூன்றாம் வழி. ஆனால் கொட்மனுடைய சகபாடிகள் அவ்வழியை விரும்பவில்லை. 1915 இல் அவர் பொஸ்ரன் வைத்திய உலகைக் கேலிச்சித்திரம் ஒன்றால் எள்ளியதும் அவர்களின் வெறுப்பை வளர்த்தது. தன் பிழையை ஒருவன் கூறினால் தண்டனையும், மறைத்தால் மதிப்பும் கிடைக்கும் இடத்தில் நேர்மை வீரர்களுக்கு மட்டும் உரிய குணமாகிவிடுகின்றது. எல்லோரும் வீரராக இருத்தல் வேண்டும் என எதிர்பார்க்கும் ஒழுங்கு நல்லொழுங்கன்று.

இதன் விலையை 1974 ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு டிசம்பர் 1 ஆம் நாள் வாஷிங்டனுக்கு அண்மையிலுள்ள டலஸ் விமான நிலையத்தை நோக்கி வந்த விமானமொன்று வேர்ஜினியாவின் மலையொன்றில் மோதியதில் அதிலிருந்த 92 பேரும் இறந்தனர். தரையிறங்க நெருங்கலாம் என்ற அனுமதியை விமானிகள் ஒரு வகையாகவும் கட்டுப்பாட்டாளர் வேறு வகையாகவும் பொருள்கொண்டமை இதற்கு ஒரு காரணம். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே வழியில் அதே மலையினின்றும் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்நிறுவனம் அதனை விசாரித்துத் தன் விமானிகளை எச்சரித்தது. ஏனைய நிறுவனங்களின் விமானிகளுக்கு அவ்வெச்சரிக்கை எட்டவில்லை. மூன்று நாட்களின்பின், டிசம்பர் 4 ஆம் நாள், இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக் கொழும்பு நோக்கி வந்த விமானம் மஸ்கெலியாப் பகுதியிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேர் மாண்டனர். விமானம் இருக்குமிடத்தைப் பிழையாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்திற்குக் கீழே இறங்கியமையே அதற்குக் காரணமாகக் கொள்ளப்பட்டது. இரு விபத்துகளின் காரணங்களும் ஒன்றல்ல. எனினும் இனி இறங்கலாம் என்ற நம்பிக்கை எவ்வாறு பிழையாகத் தோன்றுகின்றது என்ற அறிவு எந்தத் தனி நிறுவனத்தின் உடைமையாகவும் இருத்தல் ஆகாது என்பதை இரண்டும் உணர்த்தின. டலஸ் விபத்தின் படிப்பினையாக, 1976 இல் விமானிகளும் கட்டுப்பாட்டாளரும் தம் பிழைகளையும் மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளையும் இரகசியமாக அறிவிக்கும் ஒழுங்கு அமெரிக்காவில் ஏற்படுத்தப்பட்டது. தண்டிக்கும் அதிகாரம் கொண்ட நிறுவனத்திடம் விடாது, அவ்வதிகாரமற்ற நாசா நிறுவனத்திடம் அதன் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அது இன்றும் இயங்கிவருகின்றது.

பொறுப்பு எங்கே?

இவ்விடத்து வலுவான ஆட்சேபம் ஒன்று எழும். கருவியின் வடிவத்தையும் ஒழுங்கின் குறையையும் சொல்லின் மயக்கத்தையும் காரணமாகக் காட்டிக்கொண்டே சென்றால், முடிவில் எவரும் பொறுப்பாளியாகார் அன்றோ? பாண்டியனின் நேர்மை, ஒழுங்கைக் குற்றஞ்சாட்டி ஒதுங்கிக்கொள்ளும் உத்தியோகத்தரின் தந்திரமாகச் சிறுத்துவிடாதா?

ஆட்சேபம் உண்மையான ஆபத்தைச் சுட்டுகின்றது. மெய்யியலாளர் பேர்னாட் வில்லியம்ஸ் 1976 இல் ஓர் உதாரணம் தந்தார். தன்மேல் எத்தவறும் இன்றி லொறிச் சாரதி ஒருவன் பிள்ளையொன்றை மோதிவிடுகின்றான். அருகில் நின்று கண்டவர் வருந்துவதற்கும் அச்சாரதி வருந்துவதற்கும் வேறுபாடுண்டு. தவறில்லை எனப் பிறர் தேற்றுவது நியாயமே. ஆயினும் அத்தேறுதலை உடனே ஏற்று அமைதியடையும் சாரதியிடம் ஏதோ குறையுளது என்றே தோன்றும். செய்தவன் தான் என்ற உறவு, குற்றமின்மையால் அழிந்துபோவதில்லை. ஆகவே குற்றம் வேறு, பொறுப்பு வேறு எனப் பிரித்தறிதல் அவசியம். குற்றம் பின்னோக்கியது, அதற்குத் தண்டனையோ விடுதலையோ கிடைத்தவுடன் வழக்கு முடிந்துவிடுகின்றது. பொறுப்போ நிகழ்வின்பின் தொடங்குகின்றது. ஒழுங்கிற் குறை உண்டெனில், அதனை எல்லோருக்கும் முன் கண்டவர் அதற்குள்ளே நின்று பிழைசெய்தவரே. அக்குறையை எடுத்துரைக்கும் கடமை அவரிடமிருந்து அகல்வதில்லை; அவரிடமே முதலில் வந்துசேர்கின்றது. அறிந்தே தீங்கு செய்தவனும், எச்சரிக்கப்பட்டும் திருந்தாதவனும் தண்டனைக்குரியர் என்பதை இவ்வாதம் மறுக்கவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் ஆழமானது. ஒருவருடைய மரணத்தை மற்றொருவர் தம் கல்விக்கான சந்தர்ப்பமாகக் கொள்ளுதல் முறையா? இறந்த தாய் வைத்தியரின் பாடமாக ஆவதற்கு இசைந்தவள் அல்லள். பிழையிலிருந்து கற்றுக்கொண்டேன் என ஒருவர் மனநிறைவோடு கூறும்போது, அக்கல்விக்கான விலையைச் செலுத்தியவர் வேறொருவர் என்பது மறக்கப்படுகின்றது. இக்குறையை நீக்கும் வழி கற்றலைக் கைவிடுவதன்று. கற்றலை இலாபமாகக் கருதாது கடனாகக் கருதுவதே. அக்கடனுக்கு இரு பகுதிகள் உண்டு. பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் நிகழ்ந்ததை உள்ளவாறு கூறுதல் முதலாவது. எவ்வளவு கற்றாலும் இதற்கு ஈடாகாது. கற்றதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, அதே நிலையில் இனி வரவிருப்போரைக் காக்கும்படி தொழிலின் பொது அறிவாக்குதல் இரண்டாவது. இறந்தவருக்கு எதனையும் திருப்பிச் செலுத்த இயலாது. அவர் நின்ற இடத்தில் நாளை வந்து நிற்பவருக்கே செலுத்த இயலும்.

முதலில் எழுப்பிய வினாவுக்கு இங்கு விடை கிடைக்கின்றது. நம்பி வந்தவரின் நம்பிக்கையே தொழிலாளரின் அதிகாரத்திற்கு அடிப்படை. அந்நம்பிக்கை ஒருவரிடம் பொய்த்தபின்னும் மற்றவர்கள் தொடர்ந்து வருகின்றனர். நேற்று நிகழ்ந்ததை அவர்கள் அறியார். அவர்கள் அறியாததை அறிந்தவராக அவர்கள்முன் அமர்ந்திருப்பவர், அதனை விசாரியாது அடுத்தவரை அழைப்பாராயின், அந்நம்பிக்கையைத் தெரிந்தே மீறுகின்றார். ஆதலால் நெருக்கடி நிகழ்வைக் குறித்து வினவுதல் ஒருவரின் மனப்பக்குவத்தைக் காட்டும் அணிகலன் அன்று. தொழில் செய்யும் உரிமையோடு சேர்ந்துவரும் கடமை.

அக்கடமையை ஏற்பவருக்குப் பாண்டியனின் நேர்மை தொடக்கத்தில் வேண்டும். கொட்மனின் குறிப்பேடு தொடர்ந்து வேண்டும். வைத்தியரையும் ஆசிரியரையும் பொறியியலாளரையும் சட்டத்தரணியையும் உருவாக்கும் பல்கலைக்கழகங்கள் இரண்டாவதற்கு எவ்வளவு பயிற்சி அளிக்கின்றன என்பது அவை தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய வினா. சரியான விடைக்கு மாத்திரம் புள்ளி வழங்கி, பிழையான விடை எவ்வாறு பிறந்தது என்பதை ஒருமுறையேனும் மாணவரோடு அமர்ந்து ஆராயாத கல்வி, பிழையை மறைக்கும் பழக்கத்தையே நான்கு ஆண்டுகள் கற்பிக்கின்றது. அப்பழக்கத்தோடு வெளியேறுபவரிடம், பிற்காலத்தில் வைத்தியசாலையிலோ நீதிமன்றிலோ வகுப்பறையிலோ, தம் பிழையைத் தாமே எடுத்துரைக்கும்படி கேட்பது காலந்தாழ்ந்த கோரிக்கையாகும்.